பகலில் நவாப் மாளிகை, இரவில் நேரு ஸ்டேடியம்! வாலாஜாவிலிருந்து ஒரு நாள் உலா

ராத்திரி 1.30 மணி. வீடே தூங்குகிறது, போர்வைக்குள் மட்டும் செல்போன் வெளிச்சம். ஸ்பெயினில் அப்போது இரவு 9 மணி. பார்சிலோனா ஆடுகிறது, இல்லாவிட்டால் ரியல் மாட்ரிட். வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் கால்பந்துப் பைத்தியம் பிடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் இது வாடிக்கை. காலையில் அம்மாவிடம் திட்டு வாங்குவதும் வாடிக்கைதான்.

பார்சிலோனாவுக்குப் போகிறவர்கள் பகலில் சக்ராதா ஃபமீலியா தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள், இரவில் கேம்ப் நோ மைதானத்தில் உட்காருகிறார்கள். அதற்கு விசாவும் லட்சக்கணக்கில் பணமும் வேண்டும். அதே மாதிரி ஒரு நாளை, வாலாஜா ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறி இரண்டு மணி நேரத்தில் எட்டிவிடலாம். ஊர் சென்னை, மைதானம் நேரு ஸ்டேடியம்.

170 வருஷத்துத் தண்டவாளம்

இந்தப் பயணத்தில் ரயிலே ஒரு சுற்றுலாதான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ஓடியது, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை. அப்போது இந்த ஸ்டேஷனுக்கு ஆற்காடு என்று பெயர். அந்தத் தடத்தில்தான் இன்றும் சென்னைக்குப் போகிறோம்.

பெரம்பூர் தாண்டியதும் செல்போனைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியே பாருங்கள். அடுத்து வருவது வியாசர்பாடி. சென்னையின் எஃப்சிக்கு ஆடிய தனபால் கணேஷும், இந்திய அணிக்கு ஆடிய நந்தகுமார் சேகரும் இந்தப் பேட்டையில் வளர்ந்தவர்கள்தான்.

சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடித்தால் முதல் நிறுத்தம் ராயபுரம். 1856-ல் கட்டிய ஸ்டேஷன் இன்னும் தூண்களோடு நிற்கிறது. இந்தியாவில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடம் இது.

ஊருக்குப் பேர் கொடுத்தவர் வீடு

அடுத்தது சேப்பாக்கம். வாலாஜாபேட்டைக்குப் பெயர் வரக் காரணமானவர் ஆற்காடு நவாப் முகமது அலி கான் வாலாஜா. அவருக்காக 1768-ல் எழுந்ததுதான் சேப்பாக்கம் அரண்மனை. கடைசி நவாப் 1855-ல் வாரிசில்லாமல் இறந்தபின், ஏலம் என்ற பெயரில் மாளிகை அரசாங்கத்தின் கைக்குப் போனது. 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்த கலசா மகாலைப் பழைய வடிவம் கெடாமல் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே அரசு அலுவலகங்கள் இயங்குவதால் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். கிரிக்கெட் மைதானம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஓடும் சாலைக்கும் வாலாஜா சாலை என்றே பெயர். ஊர்ப்பெயரைப் பலகையில் பார்த்ததும் பிள்ளைகள் செல்ஃபி எடுக்காமல் விடமாட்டார்கள்.

கொஞ்ச தூரத்தில், திருவல்லிக்கேணியில், 1795-ல் நவாப் குடும்பம் கட்டிய பெரிய பள்ளிவாசல். கட்டிய ஆண்டைச் சொல்லும் பாரசீகக் கல்வெட்டு வரிகளை எழுதியவர் ராஜா மக்கன் லால் என்ற இந்து. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிட்டுப் போவது நல்லது. மதியச் சாப்பாட்டுக்கு அதே திருவல்லிக்கேணியில் ரத்னா கஃபே இருக்கிறது. இட்லி மூழ்கும் அளவுக்கு சாம்பார் ஊற்றுவார்கள்.

வெயில் தாழ மெரினாவில் சுண்டல். மணலில் கால் வைக்கப் பிடிக்காதவர்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்க்கலாம். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை.

பெரியமேடு தெரியும், ஸ்டேடியம் தெரியாது

தோல் தொழில் செய்யும் குடும்பங்களுக்குப் பெரியமேடு புதிதல்ல. தோல் மண்டிகளும் ஏற்றுமதி அலுவலகங்களும் நிறைந்த இடம். அப்பாவோ மாமாவோ சரக்கு விஷயமாக மாதம் ஒருமுறையாவது வந்துபோயிருப்பார்கள். அதே பெரியமேட்டை ஒட்டி, ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் இருக்கிறது ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். வாசல் வரை வந்து வேலையை முடித்துக்கொண்டு திரும்பியவர்கள்தான் அதிகம், உள்ளே போனவர்கள் குறைவு.

1993-ல் நேரு கோப்பை கால்பந்தும் 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டியும் நடந்த மைதானம் இது. 2014-லிருந்து சென்னையின் எஃப்சியின் வீடு. இந்த அணி ஐஎஸ்எல் கோப்பையை இரண்டு முறை வென்றிருக்கிறது. 2015-ல் கோவாவையும் 2018-ல் பெங்களூருவையும், அவரவர் சொந்த மைதானத்திலேயே, இரண்டு முறையும் 3-2 என்று சாய்த்தது.

டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். நேரில் பார்த்தால்தான் பந்து இல்லாத இடத்தில் நடப்பது தெரியும். கோல்கீப்பர் கத்திக் கத்தித் தடுப்பாட்டக்காரர்களை நகர்த்துவது, எதிர்ப்பக்க விங்கர் கையைத் தூக்கிப் பந்து கேட்பது, கார்னர் கிக் எடுக்கும் முன் பெட்டிக்குள் நடக்கும் தள்ளுமுள்ளு எல்லாமே கண்ணெதிரே. பள்ளி அணியில் ஆடும் பிள்ளைக்கு இது 90 நிமிஷப் பாடம்.

ஏன் இப்போதே போக வேண்டும்?

இந்த வீடு காலியாகிவிடுமோ என்ற பயம் சமீபத்தில்தான் வந்துபோனது. இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் போட்டி நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுத்துக்கொண்டே போனதால், 2025 ஜூலையில் ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சியும் தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. வீரர்கள், பயிற்சியாளர்கள், புல்தரை பராமரிப்பவர்கள் என்று எல்லாருடைய சம்பளமும் கேள்விக்குறியானது. பிப்ரவரி 14-ல் போட்டி தொடங்கும் என்ற அறிவிப்பு 2026 பிறந்த பிறகே வந்தது.

பார்சிலோனா கழகம் ஒரு முதலாளியின் சொத்து இல்லை. சந்தா கட்டும் லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சொத்து. அதனால்தான் அணி தோற்றாலும் கழகம் நிற்கிறது. சென்னையில் அந்த ஏற்பாடு கிடையாது. இங்கே ரசிகர் கையில் இருப்பது ஒரு டிக்கெட்தான். காலி நாற்காலிகளைப் பார்த்து எந்த ஸ்பான்சரும் பணம் போடமாட்டார். மெஸ்ஸிக்கு விழும் லைக் வியாசர்பாடிப் பையனின் சம்பளமாகாது. நேரு ஸ்டேடியத்தில் நிரம்பும் இருக்கைக்கு அந்த பலம் உண்டு.

கிளம்பும் முன்

• ஆட்ட அட்டவணையையும் மைதானத்தின் பெயரையும் சரிபார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். பிறகு ரயில் முன்பதிவு.

• 7.30-க்குத் தொடங்கும் ஆட்டம் முடிய 9.20 ஆகிவிடும். அங்கிருந்து சென்ட்ரல் நடக்கும் தூரம்தான்.

• எல்லா ரயிலும் வாலாஜா ரோட்டில் நிற்காது. திரும்பும் ரயில் நிற்குமா என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

• மறுநாள் பள்ளி இருந்தால் சனிக்கிழமை ஆட்டமே வசதி.

• சென்னை அணியின் நிறம் நீலம். வீட்டில் இருக்கும் நீலச் சட்டையே போதும்.