சிரட்டையும் புளியங்கொட்டையும்

"1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றியபோது என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. பேத்திக்கு நான் என்ன இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க, டீச்சர்?" அக்குறணையில் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஒரு சகோதரி இப்படிக் கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு சிரட்டை, ஒரு புளியங்கொட்டை போதும். கொட்டையைச் சிரட்டைக்குள் போட்டால் 'இன்'. சிரட்டையைக் கவிழ்த்து மேலே வைத்தால் 'ஒன்'. அடியில் ஒளித்தால் 'அண்டர்'. பிள்ளையே வைத்துப் பிள்ளையே சொல்லட்டும். எழுத்துக்கு அவசரமில்லை, பாடசாலையிலும் முதல் இரண்டு தரங்களில் பேச்சு ஆங்கிலம்தான்.

நமக்குப் 'பெட்டியில்', 'மேசையில்' இரண்டுக்கும் ஒரே 'இல்'. ஆங்கிலத்தில் பெட்டிக்கு 'இன்', மேசைக்கு 'ஒன்'. பிள்ளை தடுமாறுவது இங்கேதான். மண்டையில் ஏறவில்லை என்று ஏசாதீர்கள். நாம் 'பாலத்துக்குக் கீழே' என்று பின்னால் சொல்வதை, அவர்கள் 'அண்டர் த பிரிட்ஜ்' என்று முன்னால் சொல்கிறார்கள். ஆகவே தனிச்சொல்லாக வேண்டாம், முழுதாகவே பழக்குங்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பிங்கா ஓயாப் பாலத்தைக் காட்டித்தான் சொன்னேன்.

மாத்தளை வீதியில் ஓடும் பஸ்ஸுக்கு 'ஒன் த பஸ்', காருக்கு 'இன் த கார்'. ஏனென்று கேட்டால், அது அவர்கள் வழக்கம் என்று விட்டுவிடுங்கள். 'அட்' இப்போதைக்கு வேண்டாம். இந்த மூன்றும் நாக்கில் படியட்டும்.