மெசேரோ ஊரின் மருத்துவர்

'அன்னார் இன்னாரின் அன்பு மனைவியும் இன்னாரின் பாசமிகு தாயாரும் ஆவார்.' மரண அறிவித்தல்களைச் சரிபார்த்த காலத்தில் இந்த வரி கண்ணில் படாத நாளே இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை அதற்குள் அடங்கிவிடும். புனிதர்களும் இந்தச் சுருக்கத்திலிருந்து தப்புவதில்லை. இத்தாலியரான ஜியன்னா பெரெத்தா மொல்லாவையே பாருங்கள்.

1961இல் நான்காவது குழந்தையைக் கருவுற்றிருந்தபோது அவரது கருப்பையில் கட்டி ஒன்று கண்டறியப்பட்டது. கருவைக் காக்கும்படி வேண்டி, கட்டியை மாத்திரம் அகற்றச் செய்தார். 1962 ஏப்ரல் 21இல் மகள் பிறந்தாள். ஒரு வாரத்தில் தாய் காலமானார். அப்போது அவருக்கு வயது 39. மறையுரைகளில் நான் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்.

அந்த முடிவின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் 1950இல் மெசேரோ என்ற சிற்றூரில் மருத்துவ நிலையம் திறந்தவரும் அவரே. ஏழைகளிடம் பணம் பெறாமல் வைத்தியம் பார்த்தார்; மருந்தும் கொடுத்தனுப்பினார். வின்சென்ட் டி போல் சபையின் சார்பில் முதியோரை நாடிச் சென்றார், இளம்பெண்களை வழிநடத்தினார். பனிச்சறுக்கிலும் மலையேற்றத்திலும் தீராத விருப்பம். மணமான பின்னரும், தாயான பின்னரும் தொழிலைக் கைவிடவில்லை. (இதைமட்டும் நம்மவர் சொல்ல மறப்பது தற்செயலா?)

2004 மே 16இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைப் புனிதராக அறிவித்தபோது, முதுமையடைந்திருந்த கணவர் பியெத்ரோவும் வத்திக்கானில் இருந்தார். அந்த மகளும் இருந்தார். மகளும் மருத்துவரே. முதியோர் மருத்துவம் அவரது துறை.