சைக்கிளுக்குப் பின்னால் அரை நிமிடம்

"பெரிசு வந்தா சின்னது ஒதுங்கத்தானே வேணும்." வவுனியாவில் தேத்தண்ணிக் கடையிலோ பஸ் தரிப்பிடத்திலோ மரணவீட்டிலோ விபத்துப் பேச்சு எழுந்தால், கடைசியில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லி முடிப்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். செத்தது சைக்கிளில் போனவர் என்றால் மறுபேச்சே இருக்காது. இதை நியாயம் என்று எப்படிச் சொல்ல முடிகிறது? பலத்துக்குப் பணிந்து பணிந்து வந்த பழக்கம் இது. இதனோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு நம்பிக்கையும் எங்களிடம் இருக்கிறது: எவருக்கும் வேகம் குறைக்காமல் அடித்துக்கொண்டு போகிறவன்தான் கெட்டிக்கார றைவர், காத்து நிற்பவன் பயந்தவன்.

ஒதுங்கச் சொல்கிறீர்களே, எங்கே ஒதுங்குவது? யுத்தம் முடிந்து ஏ9 வீதிக்குக் காப்பெற் போட்டார்கள். நல்லது. ஆனால் பல இடங்களில் காப்பெற்றின் விளிம்பு உயர்ந்தும் கரைக் கிரவல் தாழ்ந்தும் கிடக்கிறது. சைக்கிளின் முன்சில்லு அந்த விளிம்பிலிருந்து ஒருமுறை இறங்கினால் திரும்ப ஏறாது, ஆளைச் சரித்துவிடும். அறுவடைக் காலத்தில் அதே கரையில் நெல் காய்கிறது. மற்ற நாட்களில் மாடு நிற்கிறது.

"ஹோர்ன் அடிச்சா விலகுவான்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் லொறி ஹோர்ன் அடித்தால் சைக்கிள்காரர் என்ன செய்வார் என்று ஒருநாள் நின்று கவனியுங்கள். வலப்பக்கமாகத் தலையைத் திருப்பிப் பார்ப்பார். தலை திரும்பும் பக்கம் தோள் திரும்பும், தோளோடு கைபிடியும் திரும்பும். லொறி வருவதும் அதே வலப்பக்கத்தால்தான். பிறகு நாங்கள் சொல்வோம்: "சைக்கிள் திடீரெண்டு குறுக்க வந்திட்டுது."

அந்தச் சைக்கிள் வீதிக்கு நேற்று வந்ததும் அல்ல. 1990களில் எரிபொருள் தடை இருந்த வன்னியில் விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் சைக்கிள் கரியரில்தான் போயின. 2002இல் ஏ9 திறந்து 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டபோதும், பாதை பூட்டிய சனத்துக்கு மிஞ்சியது சைக்கிள்தான். லொறிகள் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் நின்ற காலத்திலும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த வாகனம் அது. அதை ஓட்டுகிறவரிடம் இன்று "றோட்டை விடு" என்கிறோம்.

பிரேக்குக்குப் போகாமல் ஓடுவது கெட்டித்தனம் என்பவர்கள் ஒரு கணக்கைக் கேட்கவேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் லொறி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் போய்விடும். கண் கண்டதைக் கால் செய்வதற்குள் அவ்வளவு தூரம் போய்விடுகிறது. ஏயார் பிரேக்கில் காற்று சில்லுக்குப் போய்ச் சேரவும் ஒரு கணம் வேண்டும். 40இலிருந்து 60க்குப் போனால் வேகம் கூடுவது ஒன்றரை மடங்கு. பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரமோ இரண்டேகால் மடங்கு ஆகிறது. எந்தக் கெட்டிக்காரனின் காலும் இந்தக் கணக்கை மாற்றாது. அவன் செய்யக்கூடியது ஒன்றுதான்: முன்கூட்டியே கால் எடுப்பது.

திரும்பும் இடம் இன்னும் மோசம். கண்டி வீதியால் வந்து மன்னார் வீதிக்கு இடப்பக்கம் திரும்பும் நீண்ட லொறியைப் பாருங்கள். முன்சில்லு அகலமாக வளைந்து போகும், பின்சில்லு உள்பக்கத்தை வெட்டிக்கொண்டு வரும். கரையோடு நிற்கும் சைக்கிள் அந்த வெட்டுக்குள் அகப்படும். உயர்ந்த கபினில் இருப்பவருக்கு இடக்கதவின் அடியில் நிற்பவரின் தலை தெரியாது. எங்களைப் போலவே இடப்பக்கம் ஓடும் லண்டன் இந்தக் குருட்டுப் பக்கத்தைச் சாரதியின் கெட்டித்தனத்திடம் விட்டுவிடவில்லை. கபினிலிருந்து எவ்வளவு நேரடியாகத் தெரிகிறது என்று பார்த்து 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளுக்கு நட்சத்திரத் தரம் வைத்தது. 2021 மார்ச் முதல் அந்தத் தரத்தைப் பார்த்துக் கொடுக்கும் அனுமதியில்லாமல் அந்த லொறிகள் நகருக்குள் ஓட முடியாது. 2024 ஒக்ரோபரில் குறைந்தபட்சத் தரத்தை மூன்று நட்சத்திரமாக உயர்த்தியது. எங்கள் லொறிகளில் அந்தப் பக்கத்துக் கண்ணாக இருந்தவர் கிளீனர். தலையை வெளியே நீட்டி, கதவில் தட்டி, "பொறு, பொறு, சைக்கிள்" என்று சொன்ன குரல் அவருடையது. அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடித்து றைவரைத் தனியே அனுப்பும் முதலாளிகள் மிச்சம் பிடித்தது எதை என்று யோசிக்கட்டும்.

முதலாளிமாரிடம் இன்னொன்றும் கேட்கவேண்டும். மணல் டிப்பருக்கு நடைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால், அந்த நடைக்கணக்கு றைவரின் காலில் ஏறி உட்காராதா? வேகத்துக்குக் கூலி கொடுத்துவிட்டு, விபத்து நடந்ததும் "பொடியன் பறந்திட்டான்" என்பது கோழைத்தனம்.

நேரம் போகுதாம். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 140 கிலோமீற்றர். வழியில் இருபது சைக்கிளுக்குப் பின்னால் அரை அரை நிமிடம் பொறுத்தாலும் பத்து நிமிடம். தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி ஏற்ற மணிக்கணக்காகக் காத்திருக்கிறோம். முறிகண்டியில் லொறியை ஓரம்கட்டி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறோம். எங்கள் உயிருக்காக அங்கே நிற்கத் தெரிந்த எங்களுக்கு, மற்றவர் உயிருக்காக அரை நிமிடம் பொறுக்க ஏன் முடியவில்லை?

போன மாரியில் சீமெந்து ஏற்றிய லொறி ஒன்றில் கிளிநொச்சிக்குப் போனேன். றைவர் அண்ணைக்கு அறுபது வயதிருக்கும். ஓமந்தைக்குக் கிட்ட, காலை ஏழு மணி, தூறல். முன்னால் வெள்ளைச் சட்டையோடு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் போனது. அண்ணை ஹோர்ன் அடிக்கவில்லை. கியரைக் குறைத்து வெகுதூரம் பின்னாலேயே வந்தார். எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. வீதி வெறுமையாகத்தான் இருந்தது. கொஞ்சத் தூரம் போனதும் கரையோரம் தண்ணீர் தேங்கி நின்றது. பிள்ளை அதைச் சுற்றி நடுவீதிக்கு வந்து, பிறகு கரைக்குப் போனது. அந்தத் தண்ணீரை அவர் எனக்கு முதலே கண்டிருந்தார். எதிரே வந்த பஸ்ஸையும் போகவிட்டு, லொறியை முழுதாக வலப்பக்கம் எடுத்து, மெல்லக் கடந்தார். கண்ணாடியில் பார்த்தேன். பிள்ளையின் பின்னல் றிபன்கூட அசையவில்லை.

"ஏன் அண்ணை, முதலே எடுத்திருக்கலாமே?" என்றேன்.

"எடுத்திருந்தா அந்தத் தண்ணிக்கை இறங்கியிருக்கும், இல்லாட்டி என்ரை சில்லுத் தண்ணி அதிலை பட்டிருக்கும்," என்றார். "சட்டை ஊத்தையானா அண்டைக்கு முழுக்க வகுப்பிலை அப்பிடியே இருக்கோணும், பாவம்."