அடைமொழி பெற்ற நெஞ்சுவலி

செப்டம்பர் 29, உலக இதய நாள். அன்று கல்வி வளாகங்களில் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்களில் பெண்களுக்கென்று ஓர் அறிவுரை தவறாமல் வழங்கப்படுகிறது: உடல் சொல்வதைக் கேளுங்கள், அறிகுறிகளை அலட்சியப்படுத்தாதீர்கள். அறிவுரை பிழையன்று. ஆனால் பெண் வாய்திறந்து சொல்லாததால்தான் அவரது இதயநோய் கண்டறியப்படாமற் போகிறது என்றொரு முற்கோள் அதனுள் இருக்கிறது. அதை ஏற்பதற்கில்லை. பெண்கள் சொல்கிறார்கள், சொன்னது நோயாளர் குறிப்பேட்டில் வேறொன்றாகப் பதிவாகிறது.

இதயநோயியல் பாடநூல்கள் நெஞ்சுவலியை நெடுங்காலம் 'டிப்பிக்கல்', 'அட்டிப்பிக்கல்' என்று பிரித்து வந்தன. நடுமார்பை அழுத்தி இடக்கைக்குப் பரவுவது முன்னது. பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும் மூச்சுத்திணறல், குமட்டல், தாடைவலி, முதுகுவலி, காரணம் புலப்படாத சோர்வு ஆகியவை பின்னதன் கணக்கில் சேர்ந்தன. மொழியியல் மாணவர்க்கு இப்பிரிவினை புதிதன்று. ட்ருபெட்ஸ்காயும் யாகப்சனும் விளக்கிய குறியுற்ற வடிவம், குறியற்ற வடிவம் என்னும் எதிர்வுதான் இது. 'டாக்டர்' என்றால் ஆண். பெண்ணானால் 'லேடி டாக்டர்'. அடைமொழியில்லாத சொல் பொதுமை வேடம் பூணுகிறது. அடைமொழி பெற்றது விதிவிலக்காகிறது.

அப்பொதுமை எங்கிருந்து வந்தது? 1989இல் இறுதி முடிவு வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆஸ்பிரின் ஆய்வில் பங்கேற்ற 22,071 மருத்துவர்களும் ஆண்கள். இதயநோய் மருத்துவரான பெர்னடின் ஹீலி 1991இல் இதற்கு 'யெண்டல் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார். யெண்டல், கல்வி கற்பதற்காக ஆண்வேடம் பூண்ட பெண். ஐசக் பாஷெவிஸ் சிங்கரின் கதைமாந்தர். தன் இதயநோயும் ஆணின் நோய்தான் என்று மெய்ப்பித்த பிறகே பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான சிகிச்சை கிடைக்கிறது என்பது ஹீலியின் குற்றச்சாட்டு. முப்பது ஆண்டுகள் கழித்து, 2021இல், அமெரிக்க இதயநோய் அமைப்புகளின் நெஞ்சுவலி வழிகாட்டி 'அட்டிப்பிக்கல்' என்னும் சொல்லைத் தவிர்க்கச் சொன்னது. மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சுவலியே முதன்மையான அறிகுறி என்பதையும் அதே வழிகாட்டி வலியுறுத்துகிறது. 'பெண்ணுக்கு நெஞ்சு வலிக்காது' என்று எழுதும் நல்லெண்ணச் சுவரொட்டிகளும் ஆக அரையுண்மைகளே.

நிற்க. நோயாளியின் முறையீட்டை அவருடைய சொந்தச் சொற்களிலேயே எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ மாணவர்க்குக் கற்பிக்கப்படுகிறது. எழுதப்படுவதோ ஆங்கிலத்தில்! இந்தி பேசும் பெண் 'கப்ராஹட்' என்கிறார். இதயப் படபடப்பு, மூச்சுமுட்டல், மார்பில் இனந்தெரியாத அவதி, அச்சம் ஆகிய அனைத்தும் அச்சொல்லில் அடங்கும். தமிழின் 'படபடப்பு' அதற்கு நெருங்கிய உறவு. பலபொருள் ஒருசொல்லுக்குச் சூழலே பொருள் தரும் என்பது இலக்கணப் பாடம். இங்கே சூழலாகக் கொள்ளப்படுவது பேசுபவரின் பால். ஐம்பது வயது ஆண் சொன்னால் ஈசிஜி. அதே வயதுப் பெண் சொன்னால் 'ஆங்சைட்டி' என்று ஒரு வரி, வீட்டில் ஏதேனும் மனவருத்தமா என்றொரு கேள்வி. மொழிபெயர்ப்பிலேயே நோய்நாடல் முடிந்துவிடுகிறது.

பெண்களுக்கு மாரடைப்பு தாமதமாகத்தான் வருகிறது என்பார் உளர். உண்மை, 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் முதல் மாரடைப்பு பெண்களுக்குச் சராசரியாக ஒன்பது ஆண்டுகள் பிந்தியே வந்தது. பிந்தி வருவது வராமற் போவதாகாது. பேறுகால முன்வலிப்பும் கர்ப்பகால நீரிழிவும் பிற்கால இதயநோய்க்கான முன்னறிவிப்புகள். ஆனால் மகப்பேற்றுக் கோப்பு பிரசவத்தோடு மூடப்படுகிறது.

விழிப்புணர்வே மருந்து என்போர் விடைசொல்ல வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. பிறவி இதயக் குறைபாட்டுக்கு அறுவை சிகிச்சை செய்யுமாறு தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பரிந்துரைத்த குழந்தைகளைப் பற்றியது, 2011இல் வெளியானது. ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை பெற்ற சிறுவர் 70 விழுக்காடு. சிறுமியர் 44 விழுக்காடு. நோயின் பெயரும் தீர்வும் மருத்துவர் வாயிலாகவே அப்பெற்றோருக்குத் தெரியும். அறியாமை அங்கே எங்கிருந்தது? அதே மருத்துவமனையின் 2016ஆம் ஆண்டுப் புறநோயாளர் பதிவுகளை ஆராய்ந்தபோதும் ஒரு பெண்ணுக்கு 1.69 ஆண் என்ற விகிதமே கிடைத்தது. தொலைவிலுள்ள மாநிலங்களிலிருந்து வந்தோரில் பெண்களின் பங்கு மேலும் குறைவு. ரயில் பயணச்சீட்டு யாருக்கு எடுக்கப்படுகிறது என்பதும் இதயநோயியல்தான்.

ஆகவே கூட்டம் நடத்துவோர் பார்வையாளர்களை மாற்றட்டும். நோயாளியின் சொல் அவர் மொழியிலேயே, மொழிபெயர்க்கப்படாமல், குறிப்பேட்டின் முதல் வரியில் இடம்பெறட்டும். பேறுகாலச் சிக்கல்கள் பற்றிய கேள்வி இதயப் பிரிவின் படிவத்தில் அச்சாகட்டும். நெஞ்சுவலியோடு வருபவருக்குப் பத்து நிமிடங்களுக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி. எத்தனை ஆண்களுக்கு அது நிறைவேறியது, எத்தனை பெண்களுக்கு என்று ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் கணக்கு வெளியிடட்டும். அடுத்த செப்டம்பர் 29இல் மாணவியரைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டு, அந்தக் கணக்கோடு மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களை முன்வரிசையில் அமர்த்தலாம்.