முதலில் பாக்கியைக் கொடுங்கள்

1997 பிப்ரவரி 1 அதிகாலை, ஜப்பானின் கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை தீப்பற்றி எரிந்தது. டொயோட்டா கார்களில் பின்சக்கர பிரேக்கின் அழுத்தத்தைச் சீராக்கும் பி-வால்வு என்ற சிறு பாகம் ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் தயாரானது. டொயோட்டாவின் கையிருப்போ நாலு மணி நேர வேலைக்குத்தான் காணும். சில நாட்களில் ஜப்பானில் இருந்த அதன் கார் ஆலைகள் அநேகமாக எல்லாம் நின்றுபோயின. ஆனால் ஒரு வாரத்துக்குள் உற்பத்தி மீண்டும் தொடங்கிவிட்டது.

தொடங்கி வைத்தவர்களில் பலர் சிறு உற்பத்தியாளர்கள். ஐசின் தன் வரைபடங்களை வெளியே கொடுத்தது. அதுவரை பி-வால்வைத் தொட்டே பார்த்திராத நிறுவனங்கள் இருந்த இயந்திரங்களைக் கொண்டு கடைசலில் இறங்கின. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனமும் அதில் சேர்ந்தது. விலை பேசவில்லை, ஒப்பந்தம் எழுதவில்லை. கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. ஐசின் செலவை ஈடுகட்டியது. டொயோட்டா தன் நேரடி சப்ளையர்களுக்கு அந்தக் காலாண்டில் அவர்கள் தனக்கு விற்றதில் ஒரு சதவீதத்தை நன்றித் தொகையாகக் கொடுத்தது. பாகத்தின் விலையைக் குறைக்கச் சொல்லி சப்ளையர்களை விடாமல் நெருக்கும் நிறுவனம்தான் அதுவும். ஆனாலும் வர வேண்டிய பணம் வந்துசேரும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

மூலப்பொருள் தட்டுப்பாடு, கன்டெய்னர் கட்டண உயர்வு, சிப் பற்றாக்குறை என்று ஏதாவது நேரும்போதெல்லாம் நம் தொழில் மாநாடுகள் இரண்டு மருந்துகளைச் சொல்கின்றன: இருப்பைக் கூட்டு, இரண்டாவது சப்ளையரைத் தேடு. இரண்டும் தேவைதான். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு சிப் இருப்பு வைக்கச் சொல்லி சப்ளையர்களைக் கேட்டுக்கொண்ட டொயோட்டா, 2021-ன் தொடக்கத்தில் மற்றவர்கள் தடுமாறியபோது தாக்குப்பிடித்தது. ஆனால் அந்தச் செப்டம்பரில் அதுவும் திட்டமிட்ட உற்பத்தியில் 40 சதவீதத்தைக் குறைக்க நேர்ந்தது. இருப்பு அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். அந்த அவகாசத்துக்குள் மாற்று வழி கண்டு வேலையை நகர்த்த, கீழே இருக்கும் பட்டறைகள் உயிரோடு இருக்க வேண்டும்.

நம் ஊரில் அவை எப்படி இருக்கின்றன? 2022 மே மாதம் ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டு ஏறக்குறைய பாதி விலை. நூல் ஒரே நாளில் கிலோவுக்கு 40 ரூபாய் ஏறியது. பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை மத்திய அரசு ஏப்ரலிலேயே நீக்கியிருந்தும் விலை இறங்கவில்லை. மே 16, 17 தேதிகளில் திருப்பூர் கதவடைத்தது. பழைய விலைக்கு ஆர்டர் எடுத்தவர்கள் நஷ்டத்துக்குத் தைத்தார்கள். அந்த நஷ்டம் எக்ஸ்போர்ட்டரிடமிருந்து நிட்டிங்குக்கும் சாயப்பட்டறைக்கும், ஜாப் ஒர்க் செய்யும் நாலு மெஷின்காரருக்கும் இறங்கிக்கொண்டே போனது. கூலி பில்லுக்குப் பணம் வர மூன்று மாதம், நாலு மாதம் ஆவது அங்கே சாதாரணம். கரண்ட் பில்லும் சனிக்கிழமைச் சம்பளமும் அதுவரை பொறுக்குமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. ஆனால் வாங்கியவர் மீது புகார் கொடுக்க வேண்டியவர், அடுத்த ஆர்டருக்கும் அவரையே நம்பியிருப்பவர். அவர் எப்படிக் கொடுப்பார்? இதை உணர்ந்துதான் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்தது: குறு, சிறு தொழில்களுக்கான பாக்கியைக் கெடு தாண்டி இழுத்தடித்தால், கொடுக்கும் வரை அதைச் செலவாகக் காட்டி வரிக்கழிவு பெற முடியாது. நல்ல ஏற்பாடு, புகாரே தேவையில்லை. அதற்கும் உடனே குறுக்குவழி தேடினார்கள் சிலர். குறு, சிறு தொழில் என்ற பதிவை ரத்து செய்தால்தான் ஆர்டர் என்று சிறு நிறுவனங்களை நெருக்குவதாகப் புகார் எழுந்தது.

வெளிநாட்டு வாங்குவோர் எங்களுக்கே தாமதமாகத்தான் கொடுக்கிறார்கள் என்பது பெரிய நிறுவனங்களின் வாதம். உண்மைதான், 2020-ல் தைத்து முடித்த சரக்கையே வேண்டாமென்ற பிராண்டுகள் உண்டு. ஆனால் அவர்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கிறது. ஜாப் ஒர்க்காரருக்குக் கிடைப்பது வார வட்டி. தாங்கக்கூடியவரை விட்டுவிட்டு, தாங்க முடியாதவர் தலையில் சுமையை ஏற்றுவதை எந்த வியாபார நியாயத்தில் சேர்ப்பது?

45 நாளைத் தாண்டிய பாக்கியை நிறுவனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மத்திய அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அந்த விவரத்தைப் பெயர் வாரியாக, எவரும் எளிதில் பார்க்கும்படி வெளியிட வேண்டும். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள், சிறு தொழில்களின் பில்லுக்கு வங்கிகள் முன்கூட்டியே பணம் தரும் ட்ரெட்ஸ் இணையத் தளத்தில் பெயரைப் பதிவு செய்தால் போதாது. சிறு நிறுவனங்களின் ஒவ்வொரு பில்லையும் அங்கே ஏற்றுவது கட்டாயமாக வேண்டும். அப்போதுதான் பில்லை வைத்து வார வட்டிக்காரரிடம் போகாமல் வங்கியில் பணம் வாங்க முடியும். கட்டுமான ஒப்பந்தங்களில் சிமென்டும் கம்பியும் விலை ஏறினால் ஈடுகட்டும் விதி இருப்பதுபோல், நூலுக்கும் இரும்புக்கும் ஜாப் ஆர்டர்களில் அந்த விதி வர வேண்டும். இவற்றைத் தனியாரிடம் கேட்கும் முன் மாநில அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் சிறு தொழில்களுக்குத் தாங்கள் வைத்திருக்கும் பாக்கியை இந்த நிதியாண்டுக்குள் தீர்க்கட்டும்.