பம்பைக் கழற்றுமுன் புகையைப் பாருங்கள்

அக்குறணையில் இருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் போகும் எனது லொறி ஒரு நாள் சுபஹ் நேரத்தில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. வெகுநேரம் சுற்றிய பின்னர் உதறிக்கொண்டு பிடித்தது. பாரத்துடன் திரும்பி வரும்போது, மாத்தளையைத் தாண்டிப் பலகடுவை ஏற்றத்தில் நடைவேகத்தில் ஊர்ந்தது. நான் ஊர் சேர முன்னர் சந்தை விலை இறங்கிவிட்டிருந்தது.

மறுநாள் கராஜில் முதலில் வாயைத் திறந்தவன் நான்தான். "பம்ப் போயிட்டுது போல, இறக்கிப் பாருங்க" என்றேன். இறக்கினார்கள். நான்கு நாட்கள் லொறி நின்றது. பெரிய பில் ஒன்றைக் கட்டி எடுத்து வந்தேன். அடுத்த நாள் காலையில் அதே உதறல், அதே ஏற்றத்தில் அதே ஊர்தல்.

பிறகு பழைய சாரதி ஒருவர் வந்தார். டீசல் பில்டருக்கு மேலிருக்கும் கைப்பம்பைச் சில தடவை அழுத்தினார். "தம்பி, இப்ப ஸ்டார்ட் அடிச்சிப் பாருங்க" என்றார். உடனே பிடித்தது. தாங்கியிலிருந்து பில்டருக்கு வரும் இறப்பர் குழாயில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு. இரவில் டீசல் பின்னால் இறங்கிவிட, அதன் வழியே காற்று உள்ளே புகுந்திருக்கிறது. ஏற்றத்தில் இழுவை குறைந்ததற்கும் அந்தக் காற்றுத்தான் காரணம். ஒரு முழக் குழாயோடு வேலை முடிந்தது.

இதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல நான் தயாரில்லை. நோயைச் சொல்லாமல் மருந்தைச் சொன்னவன் நான். தக்காளிக் கூடையில் பத்து ரூபாவுக்குப் பேரம் பேசும் நாம், லொறி விடயத்தில் மட்டும் கேள்வி கேட்காமல் பணத்தைக் கொட்டுகிறோம். செலவு குறைந்ததை முதலில் பாருங்கள், கூடியதைக் கடைசியில் பாருங்கள் என்பதே எனது வாதம்.

டீசல் எஞ்சினில் நெருப்புப் பொறி தரும் பிளக் கிடையாது. நெருக்கப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ஆகவே போதிய காற்று, போதிய சூடு, சுத்தமான டீசல் ஆகிய மூன்றில் எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதே வேலை. அதைப் புகைக்குழாய் பெரும்பாலும் சொல்லிவிடும்.

சுற்றும்போது புகையே வராவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை. பில்டர், குழாய், தாங்கியின் அடி அழுக்கு ஆகியவற்றைப் பாருங்கள். வெள்ளைப் புகையுடன் உதறினால் டீசல் வருகிறது, ஆனால் சரியாக எரியவில்லை. ஹீட்டர் பிளக்கையும் பற்றரியையும் பாருங்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் சூடு பிறக்காது. மலைநாட்டு மார்கழிக் குளிரில் இந்தக் குறை உடனே தெரியும். ஏற்றத்தில் கறுப்புப் புகை தள்ளினால் காற்று போதவில்லை, அல்லது நொசில் பழுது. முதலில் எயார் கிளீனரைக் கழற்றிப் பாருங்கள். டர்போ இருந்தால் அதன் குழாய்களையும் பாருங்கள். புகை இல்லாமலே இழுவை குறைந்தால் அநேகமாக பில்டர் அடைப்பு. நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே நொசில் சோதனை, கொம்பிரஷன் சோதனை, கடைசியாக பம்ப். பம்பையும் சோதனை மேசையில் வைத்துப் பார்க்கும் இடத்திலேயே கொடுங்கள். புதிய கொமன் ரெயில் எஞ்சின்களில் ஓடும்போது குழாயைத் தளர்த்திப் பார்ப்பது ஆபத்து. அதன் அழுத்தம் கையைத் துளைத்துவிடும். அங்கே ஸ்கேனர் வைத்தே பார்க்க வேண்டும். பிடிக்கவில்லை என்பதற்காகக் காற்றுக் குழாயில் பெற்றோல் ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது எஞ்சினை உடைக்கும், ஆளையும் சுடும்.

2022 எரிபொருள் நெருக்கடியில் நம்மில் பலர் கேன்களிலும் பெரல்களிலும் டீசல் சேர்த்து வைத்தோம். அப்படி வைத்த டீசலில் தண்ணீரும் துருவும் சேரும். பில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை இறக்கிவிட ஒரு சாவியும் ஐந்து நிமிடமும் போதும். அதைச் செய்பவர்கள் எத்தனை பேர்?

2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் பரவலாகத் திறக்கப்பட்டது. அதற்கிடையில் நம் கையிலிருந்த லொறிகளுக்கு வயது ஏறிவிட்டது. புதியது வாங்குவது சிறு வியாபாரிக்கு இலேசான காரியமல்ல. இருப்பதைக் காப்பாற்றுவதே இலாபம்.

கடன் கொப்பியுடன் லொறிக்கும் ஒரு கொப்பி வையுங்கள். பில்டர் மாற்றிய திகதி, மைலேஜ், எந்த ஏற்றத்தில் எந்தக் கியர், என்ன நிறப் புகை என்று எழுதுங்கள். கராஜுக்குப் போனால் "பம்ப் போயிட்டுது" என்று சொல்லாதீர்கள், அந்தக் கொப்பியை நீட்டுங்கள். நல்ல மெக்கானிக் மகிழ்வார். கொப்பியைப் பார்க்காமலே பம்பைக் கழற்ற ஸ்பானர் எடுப்பவரிடம் லொறியை விடாமல் திரும்பி வாருங்கள்.