விடைபெறும் வகுப்பின் ‘நாம்’ யார்?

வட இந்திய நகரங்களின் மேனிலைப் பள்ளிகளில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் பிரிவுபசார விழாக்களின் காலம். பொதுத்தேர்வுக்குச் சில வாரங்கள் முன்னதாகப் பதினோராம் வகுப்பினர் பன்னிரண்டாம் வகுப்பினரை வழியனுப்புகின்றனர். மாணவியர் தாயிடம் இரவல் பெற்ற சேலையில் வருகின்றனர். மாணவர் அளவு பொருந்தாத கோட்டில் வருகின்றனர். கைப்பேசிகளில் சேர்ந்த படங்கள் திரையில் ஓடுகின்றன. பின்னர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்று பள்ளி வாழ்வைத் திரும்பிப் பார்க்கிறார். அவ்வுரையின் சாரம் எந்தப் பள்ளியிலும் பெரிதாக மாறுவதில்லை: சிறுவர்களாக இந்த வாயிலில் நுழைந்தோம், ஒரே குடும்பமாக வளர்ந்தோம், இன்று ஒன்றாக விடைபெறுகிறோம்.

இவ்வுரையின் பெரிய பொய் அதன் மிகச் சிறிய சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது ‘வீ’, இந்தியில் ‘ஹம்’.

தன்மைப் பன்மை என்பது ஒருபோதும் வெறும் பன்மை அன்று. பேசுபவர் தம்மோடு வேறு யாரைச் சேர்த்துக்கொள்கிறார் என்ற முடிவு அதற்குள் இருக்கிறது. தமிழ் இலக்கணம் இதை ‘உளப்படுத்தல்’ என்றது. அம், ஆம் என்னும் விகுதிகள் முன்னிலையாரை உளப்படுத்தும். எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரை உளப்படுத்தும் என்று நன்னூல் வினைமுற்றுகளையும் பிரித்துக் காட்டியது. இன்றைய தமிழில் வினைமுற்று வேறுபாடு தேய்ந்து ‘ஓம்’ ஒன்றே எஞ்சினாலும், ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற பெயர் வேறுபாடு உயிரோடு இருக்கிறது. தெலுங்கு, மலையாளம், மராத்தி, குஜராத்தி ஆகியவற்றிலும் இவ்வேறுபாடு உண்டு. சந்தாலியும் முண்டாரியும் இருமையிலும் பன்மையிலும் இதைப் பேணுகின்றன. ஆங்கிலமும் தர நிலை இந்தியும் இக்கேள்வியைக் கேட்காமலே கடந்துவிடுகின்றன. பெயரை விடுத்து ‘நுழைந்தோம்’, ‘வளர்ந்தோம்’ என்று வினைமுற்றை மட்டும் அடுக்கினால் தமிழும் அவ்வாறே கடந்துவிடும். ஆகவே குற்றம் மொழியினுடையது அன்று. யாரை உளப்படுத்துகிறோம் என்று பேசுபவர் கேட்டுக்கொள்ளாததே குற்றம்.

அரங்கில் ஒலிக்கும் ‘நாம்’ எதிரே அமர்ந்திருப்பவர்களை மட்டுமே உளப்படுத்துகிறது. எதிரே அமர்ந்திருப்பவர்களோ எஞ்சியவர்கள். 2021-22ஆம் ஆண்டுக்கான ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் பள்ளித் தரவுகளின்படி இந்தியாவில் மேனிலை வகுப்புகளின் மொத்தச் சேர்க்கை விகிதம் 57.6 விழுக்காடு. உரிய வயதைக் கடந்து படிப்போரும் இக்கணக்கில் சேர்வதால், உரிய வயதில் அவ்வகுப்பில் இருப்போரின் பங்கு இதைவிடக் குறைவு. பதினேழு வயதில் பள்ளியைத் திரும்பிப் பார்த்து மேடையில் கண்கலங்குவது இந்நாட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் வாய்க்கும் அனுபவம் அன்று. அது ஒரு சலுகை. அச்சலுகையை நட்பின் கதையாகவும் உழைப்பின் கதையாகவும் மட்டுமே சொல்வது வரலாற்றைத் திருத்தி எழுதுவதாகும்.

இல்லாதவர்கள் தாமாக மறைந்துவிடவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை மட்டுமே கைகொடுக்கிறது. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைக்குச் சட்டம் தரும் காப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. சில மாநிலங்களின் தனி ஏற்பாடுகளை விட்டால், ஒன்பதாம் வகுப்பின் வாசலில் அப்பிள்ளையின் பெற்றோர் முழுக் கட்டணச் சீட்டை எதிர்கொள்கின்றனர். எட்டாண்டு ஒரே பெஞ்சில் அமர்ந்தவன் ஒரு ஜூன் மாதத்தில் வராமல் போகிறான். வகுப்பு சில நாள் அவனைப் பற்றிப் பேசுகிறது. பிறகு வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இருந்த இடத்துக்கு அடுத்த பெயர் நகர்கிறது.

இரண்டாவது வடிகட்டி சட்டத்திலும் இல்லை, சுற்றறிக்கையிலும் இல்லை. பொதுத்தேர்வில் நூறு விழுக்காடு காட்ட விரும்பும் பள்ளி, தேறமாட்டார் எனக் கருதும் மாணவரை ஒன்பதிலோ பதினொன்றிலோ நிறுத்திவைக்கும். அல்லது பெற்றோரை அழைத்து, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்வதே பிள்ளைக்கு நல்லது என்று கனிவோடு அறிவுரை கூறும். ஒன்பதாம் வகுப்பில் 120 பேர் இருந்த ஒரு பள்ளியை எண்ணிக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை அவர்களில் 80 பேர் எழுதி 80 பேரும் தேறினால், மதில்மேல் கட்டும் பதாகையில் 100 விழுக்காடு என்றிருக்கும். வந்தவர்களை வகுஎண்ணாகக் கொண்டால் அது 67 விழுக்காடு. பதாகையின் கணிதமும் பிரிவுபசார உரையின் இலக்கணமும் ஒன்றே: இரண்டும் வகுஎண்ணைச் சொல்லாமல் மறைக்கின்றன.

இதற்கு வழக்கமான ஒரு மறுப்பு உண்டு. பதினேழு வயதுப் பிள்ளைகள் ஒரு மாலைப் பொழுது மகிழ்ந்திருக்கட்டுமே, அதில் ஏன் சமூகவியலைக் கொண்டுவந்து கொட்டவேண்டும் என்பது அது. மறுப்பில் நியாயம் இருக்கிறது. மாணவரின் கண்ணீர் பொய்யானது அன்று; அவர்தம் நட்பும் பொய்யன்று. ஆனால் அவ்வுரை மாணவரின் சொந்த நினைவாக மட்டும் நிற்பதில்லை. ஆசிரியர் திருத்துகிறார், முதல்வர் ஒப்புகிறார், பள்ளி அதை ஆண்டு மலரில் அச்சிட்டு அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்குக் காட்டுகிறது. பிள்ளையின் நினைவை நிறுவனம் தன் நற்சான்றாக மாற்றிக்கொள்ளும்போது அந்நினைவை விமரிசிக்கலாம், விமரிசிக்க வேண்டும். மேலும், மாணவர் மறந்துவிட்டனர் என்று கொள்வதே அவர்களைக் குறைத்து மதிப்பிடுவது. எட்டாம் வகுப்பில் பக்கத்தில் இருந்தவர் யார், அவர் எந்த மாதம் வராமல் போனார் என்பது எந்த வகுப்பும் அறிந்த செய்தி. மேடையில் அதைச் சொல்லக் கூடாது என்பதைத்தான் பள்ளி கற்றுக்கொடுத்திருக்கிறது.

செய்யவேண்டியது கடினமானதன்று. ஒவ்வொரு பள்ளியும் தன் தேர்ச்சி விழுக்காட்டோடு, அதே அணியினர் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேராக இருந்தனர், அவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதினர் என்பதையும் வெளியிடுமாறு தேர்வு வாரியங்கள் கட்டாயமாக்கலாம். வேறு பள்ளிக்கு மாறியோர், திறந்தநிலைக் கல்விக்குச் சென்றோர், படிப்பையே விட்டோர் எனப் பிரித்துக் காட்டலாம். பதிவேடுகள் ஏற்கெனவே அலுவலக அலமாரியில் இருக்கின்றன. 2030க்குள் பள்ளிக் கல்வியின் எல்லா நிலைகளிலும் நூறு விழுக்காட்டுச் சேர்க்கை என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 இலக்கு வைத்திருக்கிறது. போனவர்களை எண்ணாத நாடு அந்த இலக்கை எதைக்கொண்டு அளக்கும்?

அதுவரை மாணவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்கு எவருடைய சுற்றறிக்கையும் தேவையில்லை. உரை நிகழ்த்துபவர் தோழரை நோக்கி ‘நாம்’ என்று சொல்வதை ஒருமுறை நிறுத்தி, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நிருவாகத்தை நோக்கி ‘நாங்கள்’ என்று தொடங்கட்டும். இலக்கணப்படி ‘நாங்கள்’ கேட்பவரை விலக்கும். அரங்கில் இல்லாத படர்க்கையாரை உளப்படுத்தும். ‘நாங்கள் 120 பேர் வந்தோம்’ என்ற ஒற்றை வாக்கியம் போதும். மீதிப் பேர் எங்கே என்ற கேள்விக்கு முதல் வரிசை விடை சொல்லட்டும்.